ஆயுத பூஜையன்று துடைத்த எழுத்துகள்

"ஆயுத பூஜை. எழுத்துப் போயிற்று. சாயங்காலத்துக்குள் வந்தது." 2001ஆம் ஆண்டு நாட்குறிப்பில் ஒரு வியாழக்கிழமைக்கு நேராக நான் எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான். மீதியை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

அப்போது பேகம்பூரில் ஒரு டி.டி.பி. கடையில் தட்டச்சு வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் கணினியில் கோத்துக் கொடுப்போம். முதலாளியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கடையில் ஒரே கணினி, ஒரே பிரிண்டர். ஆயுத பூஜை வந்தால் அக்கா எதையும் விட்டுவைக்கமாட்டார். அலமாரியை இறக்கி, மின்விசிறி இறக்கைவரை துடைத்துவிட்டுத்தான் பொட்டு வைப்பார். அந்த வருடம் கணினியின் வெளிப்புறத்தைத் துடைத்ததோடு நிற்காமல், உள்ளேயும் சுத்தம் செய்துவிட்டார்.

அன்று மாலை பூஜைக்குள் முடித்தாக வேண்டிய வேலை ஒன்று இருந்தது. தாடிக்கொம்புப் பக்கம் பூ விவசாயம் செய்பவர் ஒருவரின் இளைய மகளுக்குக் கல்யாணம். முதல் பத்திரிகையை விஜயதசமி காலையில் சௌந்தரராஜப் பெருமாள் பாதத்தில் வைக்க வேண்டும் என்பது அவர் வீட்டு வழக்கம். பூஜை போட்ட பிறகு இயந்திரத்தைத் தொடக்கூடாது என்பது எங்கள் கடை வழக்கம். அவருடைய மூத்த மகள் பத்திரிகை எதிர்வரிசையில் இதே தொழில் நடத்திய பாய் கடையில் அடித்தது. இந்த முறைதான் எங்களிடம் வந்திருந்தார். அதிலிருந்து பாய் அக்காவைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வார். இந்த விவசாயியைத் தக்கவைத்துக்கொண்டால் அந்த ஊர்க்காரர்கள் தொடர்ந்து வருவார்கள் என்று அக்கா நம்பிக்கொண்டிருந்தார்.

நான் போய் அந்தப் பத்திரிகையின் கோப்பைத் திறந்தேன். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், முகூர்த்த நேரம் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டாத ஆங்கில எழுத்துகளாக நின்றன. பழைய பத்திரிகைகளைத் திறந்து பார்த்தேன். அவையும் அப்படித்தான். திரையில் தமிழ் வடிவம் தரும் எழுத்துருக்கள் இருக்கும் கோப்புறையைத் தேடினால் அது ஏறக்குறைய காலி. குப்பைத்தொட்டியும் காலி.

அக்காவிடம் கேட்டேன். "நாம அடிச்சது ஒன்னுமே இல்ல தம்பி அதுல. பூராம் இங்கிலீசுப் பேரு. அம்புட்டும் ஒட்டடைன்னு நெனச்சேன். நெசமாவா அழிக்கணும்னு அதுவும் கேட்டுச்சு. ஆமான்னேன்." குப்பையை வீட்டில் வைத்துக்கொண்டு பூஜை போடக்கூடாது என்பதால் தொட்டியையும் கொட்டிவிட்டாராம்.

எங்களுக்குக் கணினி விற்ற மதுரைக்காரர் எழுத்துருக்களைத் தானே ஏற்றிக் கொடுத்திருந்தார்; சி.டி. எதுவும் தரவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அங்கேயும் பூஜை விடுமுறை. அக்கா பத்திரிகை முழுவதும் கெட்டுவிட்டதாகவே நினைத்து, முடியாது என்று சொல்ல விவசாயிக்கு ஆள் அனுப்பச் சொன்னார். கோப்பு கெடவில்லை, அதற்குப் போட்டிருந்த சட்டைதான் போய்விட்டது என்று நான் விளக்கியும் அவருக்கு மனம் ஆறவில்லை. அதே மதுரைக்காரரிடம்தான் பாயும் கணினி வாங்கியிருந்தார். அதே எழுத்துகள் அவரிடம் இருக்கும். அன்று அவர் கடை திறந்தும் இருந்தது.

அதை அக்காவிடம் சொன்னேன். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தெருவைத் தாண்டினார். எழுத்துகளை நகலெடுத்து வர நான் பிளாப்பிகளை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

பாய் முழுவதையும் கேட்டுவிட்டு, "வீட்டக் கூட்டுறேன்னு நெலக்கதவையும் கழட்டி வெளியே போட்டுட்டீங்களாக்கும்" என்றார். யார் வேலை அவசரம் என்று கேட்டார். அக்கா மறைக்காமல் சொன்னார். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பைலைக் கொண்டாங்க. இங்கேயே அடிச்சுத் தர்றேன்."

"வேணாம் பாய். எழுத்து மட்டும் குடுங்க. என் கடையில அடிச்சாத்தான் அவரு என் ஆளு."

பாய் என்னிடம் கையை நீட்டி முதல் பிளாப்பியை வாங்கிக்கொண்டார். "அதுவும் நெசந்தான்" என்று மட்டும் சொன்னார்.

ஒரு பிளாப்பி எங்கள் கணினியில் படிக்கவில்லை. திரும்ப ஓடி வேறொன்றில் வாங்கிவந்தேன். எழுத்துருக்களை அந்தக் கோப்புறையில் ஒவ்வொன்றாக ஏற்றி, கணினியை அணைத்து மறுபடி போட்டுக் கோப்பைத் திறந்தபோது, பெண்ணின் பெயர் தமிழில் நின்றது. அக்கா திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். மஞ்சள் அட்டைகளை அடித்து முடித்து விவசாயியிடம் கொடுத்த பிறகுதான் பிரிண்டருக்குச் சந்தனம் வைத்தோம். நடந்தது எதுவும் விவசாயிக்குத் தெரியாது.

மறு வருடம் ஆயுத பூஜையன்று காலை, அக்கா துணியும் வாளியுமாக இறங்கியிருந்த நேரத்தில் பாய் உள்ளே வந்தார். கணினிக்கு முன்னால் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தார். அக்கா கடைசி அலமாரியைத் துடைத்துத் திரைக்குப் பொட்டு வைக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

"என்ன பாய், கடைய விட்டுட்டு இங்கன?"

"பொரி குடுப்பீங்கள்ல. வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

பொரி சாயங்காலம்தான் வரும். அது அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதை நான் யாரிடமும் கேட்டு உறுதிசெய்யவில்லை.