அப்பா இன்னொன்று கேட்ட கடை

போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பக்கத்துச் சந்தில் புதிதாக ஒரு கடையைப் பார்த்தேன். ‘இந்தியன் தாப்பாஸ்’ என்று பலகை. ஒரு மெதுவடையை நான்காக நறுக்கிக் குட்டித் தட்டில் பரப்பி, மேலே ஏதோ தழை தூவியிருந்தார்கள். வடைக்கு இவ்வளவு ஒப்பனையா என்று நகரப் பார்த்தேன். அதற்குள் உள்ளே யாரோ எண்ணெயில் பூண்டைப் போட, அந்த வாசனை என்னை அங்கேயே நிறுத்திவிட்டது.

பூண்டு வதங்கினால் எனக்கு அப்பா ஞாபகம்தான் வரும், அதுவும் ஸ்பெயினில் நின்ற அப்பா. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அம்மா இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. புக்கிட் மேரா வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். அப்பா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சாலையில் குறுக்கே வந்தவர்களையெல்லாம் திட்டித் தீர்த்த வாய், அம்மா போனபிறகு அடங்கிப்போனது. அம்மாவின் பேச்சையே எடுக்கமாட்டார். சாப்பிட உட்கார்ந்தால் எதிரே அம்மாவின் நாற்காலி. இரண்டு வாய் வைப்பார், எதிரே பார்ப்பார், எழுந்துவிடுவார். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. இவரும் போய்விடுவாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம்.

அந்தச் சமயத்தில் கம்பெனி என்னை ஸ்பெயினில் ஒரு கண்காட்சிக்கு அனுப்பியது. தனியே விட மனமில்லாமல் அப்பாவையும் இழுத்துக்கொண்டு போனேன். ஊர் மாறினால் பசிக்கும் என்று நினைத்தேன். எங்கே! ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு இருவர் மேசை. நான் தட்டு எடுக்கப் போனால் அவருக்கு எதிரே மறுபடி காலி நாற்காலி. நான் திரும்புவதற்குள், “போதும்மா” என்று எழுந்து நிற்பார்.

கண்காட்சி முடிந்த மாலை, செவில் நகரில் ஒரு தாப்பாஸ் கடைக்குப் போனோம். இதுதான் தாப்பாஸ் என்று தனியாக ஒரு பண்டம் கிடையாது. சின்னச் சின்னத் தட்டுகளில் விதவிதமாக எதையாவது வைப்பார்கள். கடைக்குள் தைப்பூச நெரிசல். மூலையில் ஒரே ஒரு காலி மேசை. சிங்கப்பூர்க்காரி சும்மா இருப்பேனா? நம் உணவங்காடியில் செய்வதுபோல் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடித்துவிட்டு, அப்பாவோடு பண்டங்களைப் பார்க்கப் போனேன். திரும்பினால் மேசையில் வேறு யாரோ. பரிசாரகர் என் டிஷ்யூவைக் குப்பையென்று நினைத்து எடுத்துப் போட்டுவிட்டாராம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாவோ சுற்றிலும் பார்த்தார்.

“விடு லா. இங்க யாரு உக்காந்திருக்கா? எல்லாரும் நின்னுக்கிட்டுத்தானே சாப்பிடறாங்க.”

நீண்ட மரப்பலகையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றோம். மண்சட்டியில் இறால் வந்தது. பூண்டும் காய்ந்த மிளகாயும் எண்ணெயில் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தன. அப்பா ஓர் இறாலை எடுத்து மென்றார். பிறகு சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்கம்மா இருந்தா மிளகா பத்தலன்னு சொல்லியிருப்பா.”

மாதக்கணக்கில் அவர் வாயில் வராத பேச்சு. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரொட்டியைப் பிய்த்து எண்ணெயில் தோய்த்தார்.

“அவ செஞ்சா கீழ் வீடு வரைக்கும் மணக்கும். இன்னொண்ணு கேளும்மா.”

கேட்டேன். பக்கத்தில் நின்ற ஸ்பெயின்காரப் பெரியவர் தன் ஆலிவ் தட்டை அப்பா பக்கம் தள்ளினார். இருவரும் எந்த மொழியில் பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பா காற்றில் ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்ட, பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவை எப்படியாவது உட்காரவைத்துச் சாப்பிட வைக்க மாதக்கணக்கில் மெனக்கெட்டவள் நான். எதிரே நாற்காலி என்று ஒன்று இல்லாத இடத்தில் அவர் மூன்று சட்டியைக் காலி செய்தார்.

ஊர் திரும்பியதும், பழைய ஓட்டுநர் கூட்டாளிகளைத் தேடிக் கீழே காப்பிக்கடைக்குப் போக ஆரம்பித்தார். அந்த செவில் கடை இப்போது இல்லை. கைப்பேசி உறை விற்கிறார்களாம். கேட்டபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

சந்தில் நின்றபடியே அப்பாவுக்குப் போன் போட்டேன். அவருக்குப் பின்னால் காப்பிக்கடைத் தட்டுச் சத்தம், யாரோ உரக்கச் சிரிக்கும் சத்தம்.

“சாப்பிட்டீங்களாப்பா?”

“சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். சோறு ஆறுது, அப்புறம் பேசு” என்று வைத்துவிட்டார்.

ஒரு வாய்க்காக அவரிடம் கெஞ்சிய நாட்கள் எங்கே போயினவோ. போனவை போனவையாகவே இருக்கட்டும்.