வெளியே வர வழி கேட்டவர்

நான் புரோகிராம் எழுதுவது விம் என்கிற பழைய எடிட்டரில். கறுப்புத் திரை, வெறும் எழுத்து, மவுஸுக்கு வேலையே கிடையாது. இருட்டிலும் உப்பு டப்பா கைக்கு வருகிற மாதிரி எல்லாம் விரலுக்கே தெரியும். கூட வேலை பார்க்கிறவர்கள் புதுசுக்குப் போய்விட்டார்கள். அது, பாதி வார்த்தை அடிக்கும்போதே மீதியைத் தானே எழுதிவிடுமாம். எழுதட்டும். நான் பேசுமுன் எனக்காகப் பேசுகிற ஆட்கள் எங்கள் வீட்டிலேயே போதுமான அளவு இருக்கிறார்கள்.

கோவில்பட்டியில் எங்கள் வீட்டு மாடி அறைதான் என் ஆபீஸ். சென்னைக் கம்பெனி வேலையை அங்கிருந்தே பார்க்கிறேன். போன ஐப்பசியில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். முந்தின நாள் மழை. செருப்பில் அப்பிய கரிசல் மண்ணை வாசற்படியில் தேய்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். மாப்பிள்ளைக்கு எட்டயபுரம் பக்கம், அவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. நல்ல சம்பளம், நல்ல குடும்பம். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு அதுதான் பயம். வேண்டாம் என்று சொல்லக் காரணமே இல்லாத இடத்தில்தான், ஆளை அறியாமல் தலையாட்டிவிட்டு ஆயுசுக்கும் மாட்டிக்கொள்வோம்.

காபி குடித்தானதும், "ரெண்டு பேரும் மேல போய் பேசிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அறையில் என் திரை திறந்தே கிடந்தது. காலையில் எழுதியதை இன்னும் சேவ் பண்ணவில்லை. அவர் பார்த்ததும் சிரித்தார்.

"இன்னுமா இதக் கட்டிக்கிட்டு மாரடிக்கீங்க?"

"அதுக்கென்ன, நல்லாத்தான இருக்கு."

"நான் புதுசு ஒண்ணு காட்டுதேன், பாருங்க" என்று என் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. முதலில் இதை மூடவேண்டுமே, அதற்கென்று ஒரு கட்டளை அடிக்கவேண்டும். அது அவருக்குத் தெரியவில்லை. மவுஸை இழுத்தார். கண்ட்ரோலோடு என்னென்னமோ சேர்த்து அமுக்கினார். விம் அசையவில்லை. மனுஷனுக்குக் காதெல்லாம் சிவந்துபோனது. நான் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தேன். கேலி பேசினவர்தானே, கொஞ்சம் திண்டாடட்டும்.

கடைசியில் அவர் விரல் பவர் பட்டனுக்குப் போனது. அதை அமுக்கிவிட்டால் அவர் மானம் தப்பும். என் காலை வேலை என்ன ஆனால் அவருக்கென்ன? அப்படி அணைத்தாலும் விம் பெரும்பாலானதைக் காப்பாற்றி வைத்திருக்கும். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அமுக்கினால் இந்த ஆள் வேண்டாம் என்று நின்ற இடத்திலேயே முடிவு பண்ணினேன்.

விரல் பட்டன் மேலேயே நின்றது. அப்புறம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆஃப் பண்ணுனா உங்க வேலை போயிரும்லா? எனக்குத் தெரியலங்க. எப்படி வெளிய வாரது?"

சொல்லிக்கொடுத்தேன். அவரே அடித்து, சேவ் பண்ணி, வெளியே வந்தார்.

கீழே இறங்கினதும் அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏட்டி, அவிய பதிலுக்குக் காத்திருக்காவ. என்ன சொல்ல?"

"சரின்னு சொல்லு."

"அதுக்குள்ளயா? அப்படி என்னதான் பேசுனாரு?"

"தெரியலன்னாரும்மா."