மெடிசினுக்குக் கீழே என்ன எழுதுவது

எனக்கு உயர்தரப் பரீட்சை முடிவு வந்த அன்று எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் ஒருவரும் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. புள்ளிகள் அப்படி. போன வருடம் மருத்துவத்துக்குக் கொழும்பு மாவட்டத்தில் விழுந்த வெட்டுப்புள்ளியைவிட ஆறு குறைவு. இந்த வருடம் வெட்டுப்புள்ளி இறங்கினால் நான் டொக்டர். இறங்காவிட்டால் என்ன என்பது ஒருவருக்கும் தெரியாது, பெரியப்பாவைத் தவிர.

பெரியப்பா என் அப்பாவின் தமையன். யாழ்ப்பாணத்தில் தபால் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். போரால் தரைப்பாதை பூட்டியிருந்ததால் முந்தைய வருடம் கப்பலில் வந்து சேர்ந்து, எங்கள் முன்னறைக் கட்டிலில் குடியேறியிருந்தார். அவரிடம் ஒரு தடித்த சீஆர் கொப்பி இருந்தது. அதில் நாட்டிலுள்ள பல்கலைக்கழகங்கள் அத்தனையையும் தரப்படி எழுதி, சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தார். அந்தத் தரத்தை எங்கிருந்து எடுத்தார் என்று அப்பா ஒருநாள் கேட்டார்.

"முப்பது வருசமாச் சனத்தின்ர காயிதம் கையாலை போனது தம்பி. எந்தக் கெம்பசிலை இருந்து காயிதம் வந்தால் எந்த வீட்டிலை கலியாணம் பொருந்துது எண்டு எனக்குத் தெரியாதே?"

பல்கலைக்கழக விண்ணப்பப் படிவம் கைநூலோடு ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும். எந்தப் படிப்பு, எந்த இடம் என்று விருப்ப ஒழுங்கில் நிரப்பி அனுப்பிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. அதனால் காலி வீதியில் இருந்த ஒரு ஃபோட்டோக்கொப்பிக் கடைக்குக் கொண்டுபோய்ப் பத்துப் பிரதி எடுத்தேன். முதல் பிரதியைப் பெரியப்பா நிரப்பினார். இரண்டாவதை அப்பா. மூன்றாவதை இருவரும் சேர்ந்து நிரப்பி, சண்டை பிடித்து, கிழித்தார்கள். பத்தும் ஒரு கிழமைக்குள் தீர்ந்துபோக, நான் மறுபடி கடைக்குப் போனேன். கடைக்கார முஸ்லிம் நானாவுக்கு எங்கள் வீட்டுக் கதை முழுக்கத் தெரிந்துவிட்டிருந்தது.

"என்னா புள்ள, இன்டைக்கி மிருக வைத்தியம் எத்தினாவது?"

"நாலாவது நானா."

"நேத்து ரெண்டாவதா ஈந்திச்சே!"

"அப்பாவுக்கு மாட்டைக் கண்டால் பயம்."

மருத்துவத்தை முதலில் எழுதுவதில் ஒருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மெடிசினுக்குக் கீழே என்ன எழுதுவது என்பதுதான் சண்டை. "கைகாவலுக்கு ஒண்டு வேணும்" என்பார் அப்பா. மேலே உள்ளதெல்லாம் கைவிட்டாலும் அந்த ஒன்றாவது நிச்சயம் கிடைக்க வேண்டுமாம். உயிரியல் விஞ்ஞானம் நிச்சயம் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் எங்கே? கொழும்பு, பேராதனை, அதற்குப் பிறகு யாழ்ப்பாணம் என்று போன பெரியப்பாவின் பட்டியலில் களனி கடைசி வரி.

"களனி எண்டால் ஆக்கள் விகாரையைத்தான் நினைப்பினம். பேராதனை எண்டு சொல்லிப் பார். வாய் நிறையுதோ இல்லையோ?"

எனக்கும் பேராதனைதான் ஆசை. வாய் நிறைவதற்காக அல்ல, விடுதிக்காக. முன்னறையில் ஒரு கொப்பி, அறையில் மூன்று கட்டில், குளியலறைக்கு ஒரு வரிசை என்று இருந்த பத்தொன்பது வயதுக்காரிக்கு வேறு என்ன ஆசை வரும்?

இத்தனை நாளும் அடுப்படியில் இருந்து ஒரு சொல்லும் சொல்லாத அம்மா, இருபதாவது பிரதி கிழிபட்ட அன்று வெளியே வந்தாள்.

"எத்தினை செக்பொயின்ட்?"

"என்ன?" என்றார் பெரியப்பா.

"நீங்கள் தரம் பாக்கிறியள் அத்தான். நான் கேக்கிறன், பிள்ளை இங்கயிருந்து போய் வாறதுக்கு இடையிலை எத்தினை இடத்திலை இறக்கி ஏத்துவாங்கள்? பேராதனையிலை விட்டால் அங்கை திரும்பவும் பொலிஸ் பதிவு. அடையாள அட்டையிலை பிறந்த இடம் யாழ்ப்பாணம். அதுக்கு உங்கட கொப்பியிலை எத்தினை புள்ளி?"

கொப்பியில் அதற்கு நிரல் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மா நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, கொழும்பில் தங்கும் தமிழர் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டைக் கைப்பைக்குள் வைத்து, "வா, களனியைப் பாத்திட்டு வருவம்" என்றாள். வெள்ளவத்தைச் சந்தைக்கும் கோயிலுக்கும் அப்பால் அம்மா தனியாகப் பஸ் ஏறி நான் கண்டதில்லை. புறக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து கண்டி வீதியில் இன்னொன்று. அம்மா ஜன்னலோரம் இருந்து சோதனைச் சாவடிகளை விரல் மடித்து எண்ணிக்கொண்டே வந்தாள்.

மூன்றாவது விரலில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். இளம் பொலிஸ்காரர் ஒருவர் அம்மாவின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். அம்மா தனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் ஒரே மூச்சில் செலவழித்தாள்.

"மகே துவ. கெம்பஸ் பலன்ட யனவா."

மகளுக்குக் கெம்பஸ் பார்க்கப் போகிறோம். பொலிஸ்காரர் அட்டையை மறந்து என்னைப் பார்த்தார். என்ன படிப்பு என்று கேட்டார். உயிரியல் என்றேன். எந்தெந்த இடம் எழுதுகிறாய் என்றார். நான் பட்டியலைச் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டினார். தன் தங்கை பேராதனையில் கலை படிக்கிறாள், அங்கே மழைதான், உடுப்புக் காயாது என்றார். பக்கத்தில் நின்ற மற்றப் பொலிஸ்காரருக்கு அது பிடிக்கவில்லை. பேராதனைக்கு நிகராக எது இருக்கிறது என்று அவர் தொடங்க, எங்கள் முன்னறைச் சண்டை கண்டி வீதியில் சிங்களத்தில் நடக்க ஆரம்பித்தது. கடைசியில் முதலாமவர் அட்டையைத் திருப்பித் தந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கொம்பியூட்டர் படி தங்கச்சி, அதுக்குத்தான் இனி எதிர்காலம் என்றார்.

பஸ்ஸில் ஏறியதும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நானும் சிரித்தேன். மற்ற விரல்களை அவள் மடிக்கவே இல்லை.

பல்கலைக்கழக வாசலில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். தமிழ் கேட்டுத் திரும்பிப் பார்த்த ஒரு மாணவி, தான் திருகோணமலை என்றாள். நுண்ணுயிரியல் படிக்கிறாளாம். "வாங்கோ அன்ரி, எங்கட லாபைக் காட்டுறன்" என்று எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். ஆய்வுகூடத்தில் வட்டக் கண்ணாடித் தட்டுகளில் பச்சையும் மஞ்சளுமாய் ஏதோ வளர்ந்திருந்தது. பாணில் பிடிக்கிற பூஞ்சணம்தான் என்று சொல்லி, அதில் ஒரு துளியை நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தாள். நான் கிட்டப் போகுமுன் அம்மா குனிந்துவிட்டாள்.

"ஐயோ, பூ மாதிரியெல்லே கிடக்கு!"

அம்மா நிமிரவில்லை. இதற்கு வேர் உண்டா, இது என்ன சாப்பிடும், ஒரே இரவில் எப்படிப் பரவுகிறது என்று குனிந்தபடியே கேட்டாள். அந்த மாணவியும் சளைக்காமல் பதில் சொன்னாள். இருபது வருடமாக அம்மா குப்பையில் எறிந்த பாணையெல்லாம் இப்போது எண்ணிப் பார்க்கிறாள் போலிருந்தது. என் முறை வந்து நான் பார்த்தபோது, மெல்லிய காம்புகளின் நுனியில் மணிமணியாய் வித்திகள் தொங்கின. பாடப்புத்தகத்தில் பாடமாக்கிப் புள்ளி வாங்கிய சாமான் அதுதான். ஆனால் அதை ஒருநாளும் நான் இப்படிக் கண்டதில்லை. எனக்கு அங்கேயிருந்து வர மனமில்லை. பேராதனை விடுதி அந்த நேரம் ஞாபகத்துக்கே வரவில்லை.

அன்று பின்னேரம் அம்மா முன்னறைக்கு வந்து, சேலை மாற்றாமலே சொன்னாள்:

"மெடிசின் எல்லாம் மேலை கிடக்கட்டும். அதுக்குக் கீழை களனி."

"பல்வைத்தியம்? மிருகவைத்தியம்?" பெரியப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

"பல்லும் வேண்டாம், மாடும் வேண்டாம்."

"தரத்திலை கடைசியிலை கிடக்கிறதைத் தூக்கி மேலை போட்டால் சனம் என்ன சொல்லும்?"

"சனமே போய்ப் படிக்கப் போகுது?" என்ற அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு பிள்ளை. உனக்கு என்ன விருப்பம்?"

அந்த வீட்டில் அந்தக் கேள்வி வந்தது அதுதான் முதல் தடவை. "களனி" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாய் வந்தது. அப்பா பேனையை எடுத்து என் கையில் தந்தார். மூலப் படிவத்தை நானே நிரப்பினேன். பெரியப்பா, தபால் அதிபரல்லவா, கவர் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று மூன்று முறை பார்த்து, தானே கொண்டுபோய்ப் பதிவுத்தபாலில் போட்டுவிட்டு வந்தார்.

வெட்டுப்புள்ளி இறங்கவில்லை, ஏறியது. களனி கிடைத்தது. கடிதம் வந்த அன்று அப்பா கேக் வாங்கி வந்தார். பெரியப்பா அதில் இரண்டு துண்டு சாப்பிட்டு, ஒழுங்கையின் இரண்டு பக்க வீடுகளுக்கும் போய், "நுண்ணுயிரியல் எண்டால் இப்ப களனிதான். மற்றதுகள் பிறகு" என்று அறிவித்துவிட்டு வந்தார். கேட்டவர்களில் ஒருவர்கூட அவரை மறுத்துப் பேசவில்லை.

அடுத்த வருடம் முடிவுகள் வந்தபோது எங்கள் மாடிவீடுகளில் இருந்து மூன்று தாய்மார் அம்மாவைத் தேடி வந்தார்கள். அம்மா அவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு களனிக்குப் பஸ் ஏறினாள். மத்தியானம் நான் விரிவுரை முடிந்து வெளியே வந்தால், புல்வெளியில் ஏழு பேர் சோற்றுப் பார்சல் அவிழ்த்துக்கொண்டு இருக்கிறார்கள். நடுவிலே அம்மா, காவலாளியிடம் சிங்களத்தில் தண்ணீர் எங்கே எடுக்கலாம் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.