பன்னிரண்டாம் பாரம்

தப்பு என்னுடையதுதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் என்னை வளைத்து வளைத்துக் கேட்க வேண்டாம். முப்பது வருஷமாகப் புத்தகம் தைக்கிறேன். பதினாறு பக்கம் ஒரே தாளில் அச்சாகி வரும். மடித்தால் அது ஒரு பாரம். அக்காவின் மூன்றாவது நாவலுக்குப் பன்னிரண்டு பாரம். நான் தைத்தது பதினொன்று. கடைசிப் பாரம் ஐந்நூறும் மேசைக்கடியில், நோட்டு அட்டைக் கட்டுகளுக்குப் பின்னால் கிடந்திருக்கிறது. பதினோராவது, பக்கம் நிறைந்து முற்றுப்புள்ளியோடு முடிந்திருந்தது. கதை தீர்ந்தது என்று நினைத்து, ஒட்டி வெட்டி ஐந்நூறு பிரதியையும் அனுப்பிவிட்டேன். தைக்கிற புத்தகத்தையெல்லாம் உட்கார்ந்து படித்தால் நான் எப்போது வீடு போய்ச் சேருவது?

அக்கா என் கூடப் பிறந்தவர் இல்லை. பட்டறைக்கு எதிர் மாடியில் தனியாகக் குடியிருப்பவர். டெலிபோன் ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் லைன் போட்டுக் கொடுத்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் யார் பேசினாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, அவர்கள் முடிக்கும்வரை வாயே திறக்கமாட்டார். காலையில் சமையலறை மேசையில் உட்கார்ந்து, பழைய ஆபீஸ் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதுவார். முதல் நாவலுக்கு நாலு கடிதம் வந்தது, அதில் இரண்டு சொந்தக்காரர்கள். இரண்டாவதுக்கு ஒரு பத்திரிகை மதிப்புரை போட்டது, அவர் பெயரைத் தப்பாகப் போட்டு.

மூன்றாவதைத்தான் உயிரைக் கொடுத்து எழுதினார். அதற்குக் காரணம் ஒரு சிநேகிதி. ஆபீஸில் பக்கத்து நாற்காலி. இரண்டு பேரும் சாப்பாட்டு இடைவேளையில் ஒரே நோட்டில் மாற்றி மாற்றிக் கதை எழுதிப் பழகியவர்கள். அப்புறம் அக்காவின் கல்யாண வாழ்க்கை முறிந்தது. அதை அந்த அம்மாள் அப்படியே கதையாக்கிப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார். ஆபீஸே படித்தது. "இனிமே என் வாசப்படியை மிதிக்காதே" என்று அக்கா சொல்லிவிட்டார். அந்த அம்மாள் மிதிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம். அதற்குள் பெரிய எழுத்தாளராகிவிட்டார். கூட்டம், மாலை, மைக் எல்லாம்.

நாவலிலும் இரண்டு சிநேகிதிகள். விரட்டப்பட்டவள் கடைசியில் வந்து கதவைத் தட்டுகிறாள். அத்தோடு பதினோராம் பாரம் முடிகிறது. பன்னிரண்டாவதில் மற்றவள் கதவைத் திறந்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போகிறாள்.

"இந்தப் பதினாறு பக்கத்துக்காகத்தான் மிச்சத்தையே எழுதினேன்" என்றார் அக்கா, என் பட்டறையில் நின்று பிரதியைப் புரட்டிவிட்டு. ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பிரதிகளைத் திருப்பி வாங்கலாம் என்று பதிப்பாளரிடம் பேசிக்கொண்டிருந்தபோதே முதல் விமர்சனம் வந்தது. எழுதியவர் யார்? அதே சிநேகிதி. "தட்டிய கதவு திறக்கவில்லை. திறக்காது என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்" என்று எழுதியிருந்தார். போதுமே! மற்ற எழுத்தாளர்களும் வரிசையாக அதே பாட்டைப் பாடினார்கள். ஒருவர் அந்த முடிவை மட்டும் வைத்து ஒன்றரை மணி நேரம் பேசினார். பதிப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை. "பாரமாவது கீரமாவது, மூச்சு விடாதீங்க" என்றுவிட்டார்.

சாதாரண ஜனங்கள் விடுவார்களா? கடிதம் வர ஆரம்பித்தது. "கதவைத் திறந்தாளா இல்லையா, என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் சண்டை" என்று ஒரு நர்ஸ். "வெளியே எவ்வளவு நேரம் நிற்பாள், பாவம்" என்று ஒரு தையல்காரர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மட்டும் சிவப்பு மையில், "பக்கத்தைக் காணோம், பைண்டரை உதைக்க வேண்டும்" என்று எழுதினார். வந்ததிலேயே சரியான விமர்சனம் அதுதான்.

கேட்டவர்களுக்கெல்லாம் அக்கா அந்தப் பாரத்தை அனுப்பினார். சனிக்கிழமை மத்தியானம் பட்டறைக்கு வருவார். நான் மடித்துத் தைத்துக் கொடுப்பேன். எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் உறையின் மேல் கையெழுத்தைப் பார்ப்பார். முகம் லேசாக விழும். பிறகுதான் பிரிப்பார்.

"உங்க சிநேகிதிக்கு ஒண்ணு அனுப்பித் தொலைங்கக்கா."

"அவ கேக்கட்டும். படிச்சவ கேக்கணும்ல, என்ன ஆச்சுன்னு?"

"கேக்கலன்னா?"

"கேக்கலன்னா, அவளுக்கு வேண்டாம்னு அர்த்தம்."

இரண்டு வருஷம் இதே பேச்சு. எனக்கு ஒரு நாள் பொறுக்கவில்லை. வீம்புக்கும் ஒரு அளவு வேண்டாமா? ஒரு பாரத்தைத் தைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அக்காவிடம் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

அந்த அம்மாளின் வீட்டில் கூடம் முழுக்கப் புத்தகம். நான் யார் என்று சொல்லிப் பாரத்தை நீட்டினேன். வாங்கவில்லை. உள்ளே போய், அலமாரியிலிருந்து அக்காவின் நாவலை எடுத்து வந்தார். அதற்குள் நான் தைத்த பாரம் இருந்தது. என் தையல் எனக்குத் தெரியாதா?

"என் நாத்தனார் பேர்ல, அவ கையால எழுதச் சொல்லி வாங்கினேன்மா. என் கையெழுத்தைப் பார்த்தா அனுப்பமாட்டாளோன்னு பயம்."

"அப்ப ஏன் அப்படி விமர்சனம் எழுதினீங்க?"

"அதுதான் முடிவுன்னு நெனச்சேன். எனக்குச் சொன்ன பதில்னு நெனச்சேன். அழுதுகிட்டேதான் எழுதினேன். ரெண்டு மாசம் கழிச்சு, மிச்சப் பக்கம் இருக்குன்னு லைப்ரரியில யாரோ சொன்னாங்க."

"படிச்ச பெறகாவது வந்திருக்கலாமே!"

பாரத்துக்குள்ளிருந்து ஒரு சின்னச் சீட்டை எடுத்துக் காட்டினார். அக்காவின் கையெழுத்து. 'கதைதானே அம்மா. மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.'

"கெளம்பி, செருப்பைக்கூட மாட்டிட்டேன். இதைப் படிச்சதும் உக்காந்துட்டேன். கதைதான்னு அவளே சொல்லிட்டா, நான் எந்த மூஞ்சியோட போய்க் கதவைத் தட்டுறது?"

திரும்பி வந்து அக்காவிடம் ஒன்றுவிடாமல் கொட்டினேன். வழக்கம்போலத் தலையைச் சாய்த்து, நான் முடிக்கும்வரை கேட்டார்.

"எல்லாருக்கும் அதையேதான் எழுதி வெச்சேன். கலங்கிப்போய் எழுதுறாங்களேன்னு... அவளுக்குமா போச்சு?" அக்கா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சொல்லி அனுப்புறேன். நீயே போய், அது கதை இல்லன்னு..."

"நான் என்ன தபால்காரியா? எழுந்திருங்க!"

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே போனேன், பாதியில் திரும்பிவிடக் கூடாதே என்று. முதல் பஸ்ஸை விட்டார், கூட்டமாம். இரண்டாவது காலியாகத்தான் வந்தது, அதையும் விட்டார். மூன்றாவது பஸ் தெருமுனையில் திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போனதும் மொதல்ல என்னடி பேசுறது?"

மூன்று நாவல் முழுக்க அத்தனை பேருக்கு வசனம் எழுதியவர், பைண்டரைப் பார்த்துக் கேட்கிறார்.

"நான்தான்னு சொல்லுங்கக்கா. போதும்."

ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் கிளம்பும்போது என்னைப் பார்க்கவே இல்லை. அந்த ஒரு வார்த்தையை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.