பத்துக் கிலோவைத் தாண்டக்கூடாது

பத்ரோனின் மனைவி எங்கள் குசினிக்குப் பின்கதவால் ஒருநாளும் வந்ததில்லை. அன்று வந்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றேன். கதவை மெல்லச் சாத்திவிட்டு, தன் கணவர் முன்பக்கம்தானா நிற்கிறார் என்று கேட்டார். ஓம் என்றேன். அதன்பிறகு அவர் சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

பத்ரோன் என்றால் முதலாளி. பாரிசின் லாச்சப்பலில், ரயில் தண்டவாளங்களுக்குப் பின்பக்கத் தெருவில் அவருக்குச் சின்னதொரு உணவகம் இருக்கிறது. பிரான்சுக்கு வந்து எனக்குக் கிடைத்த இரண்டாவது வேலை அது. இன்றுவரை அங்கேதான் சமைக்கிறேன். அவர் அல்ப்ஸ் மலைப்பக்கத்து ஊரவர். ஒவ்வொரு இலையுதிர் காலமும் கடையைச் சில நாள் பூட்டிவிட்டுத் தமையனோடு வேட்டைக்குப் போவார். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதது வேறொன்று. அந்த வருடம் வசந்த காலத்தில் 'வகான்ஸ் போகிறேன்' என்று சொல்லிவிட்டு அவர் போனது விடுமுறைக்கு அல்ல, நெஞ்சு ஒப்பரேஷனுக்கு. எங்கள் ஒருவருக்கும் அவர் மூச்சு விடவில்லை. மரக்கறிப் பெட்டிகளை வழமைபோலத் தானே தூக்கிக்கொண்டுதான் திரிந்தார்.

பாரம் தூக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறாராம். தமையன் ஏணியால் விழுந்து கால் முறிந்து படுத்திருக்கிறாராம். ஆனால் ஷமுவா என்கிற மலையாடு ஒன்றைச் சுடுவதற்கு பத்ரோனுக்கு இந்த முறை ஊரில் அனுமதி விழுந்திருக்கிறதாம். கனகாலம் காத்திருந்து கிடைத்த அனுமதி. தனியாக என்றாலும் போவேன் என்று நிற்கிறாராம்.

"நீ அவரோடை போ" என்றார் மதாம், அதாவது முதலாளியம்மா. பிரெஞ்சில் சொன்னதை என் பாஷையில் எழுதுகிறேன். "அவர் பாரம் தூக்காமல் பார். என்ரை சொல்லுக் கேக்க மாட்டார்."

சரி மதாம் என்றேன். அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடத்தில் பத்ரோனின் முகத்தைப் பார்த்து நான் ஒரு 'இல்லை' சொன்னதில்லை. அவரை நான் எப்படித் தடுப்பேன்? முருகா, நீதான் வழி காட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டு மிச்ச வெங்காயத்தை உரித்தேன்.

மலை பார்க்க ஆசையாயிருக்கிறது, நானும் வரட்டோ என்று அவரிடம் நானே கேட்டதாக நடித்தேன். அவர் சிரித்தார். பிறகு சந்தோசமாகத் தலையாட்டினார். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்: முதுகுப்பை பத்துக் கிலோவைத் தாண்டக்கூடாது.

இங்கேதான் நாங்கள் பிழை விட்டோம். எங்கள் ஆட்களுக்குக் கிலோக்கணக்கு என்றால் கொழும்பு விமானம்தான். முப்பது கிலோ விடுவான் என்றால் முப்பது கிலோ கொண்டுபோவோம். இருபத்தொன்பது கொண்டுபோனால் அது நட்டம். லாச்சப்பலில் தமிழ் வீடு எதிலும் பெட்டி தூக்கி நிறுக்கும் கைத்தராசு இல்லாமல் இருக்காது. என் மனைவி எங்கள் வீட்டுத் தராசை அலுமாரியின் மேலிருந்து எடுத்து, பையைக் கொழுவித் தூக்கிப் பார்த்தா.

"ஒன்பது அறுநூறு. இன்னும் நானூறு கிராம் கிடக்கப்பா. என்னத்தை வைப்பம்?"

கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு மிக்சர் பைக்கற்றை வைத்தா. பத்துக்குச் சரியாக வந்து நின்றது. இருவருக்கும் திருப்தி.

அவவைக் குறை சொல்ல முடியாது. ஊரில் ஒருநாள் சமைத்த சோற்றை அடுப்பில் விட்டுவிட்டு, உடுத்த உடுப்போடு ஓடி வந்தவ. அதற்குப் பிறகு பக்கத்துத் தெருவுக்குப் போவதென்றாலும் கைப்பையில் பிஸ்கற்றும் தண்ணீரும் இல்லாமல் அவ கால் எடுத்து வைத்ததில்லை. அதோடு, நெஞ்சு வருத்தக்காரர் ஒருவரை மலையில் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். சும்மா இருப்பாவா? அரிசி, பருப்பு, சின்னச் சட்டி, சுடுதண்ணீர்ப் போத்தல், இரண்டு கம்பளி, சாரம், துவாய், தைலம், எள்ளுருண்டை. எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணாடிச் சட்டம் போட்ட முருகன் படம்.

எள்ளு வாங்கப் போன இடத்தில் கடைக்காரத் தம்பி என்னைப் பிடித்துக்கொண்டான். நான் புரட்டாதி மாதம் முழுக்க மச்சம் மாமிசம் தின்னாதவன் என்பது அவனுக்குத் தெரியும்.

"அண்ணை, ஆட்டிறைச்சி எண்டால் இஞ்சையே எலும்பு நீக்கி வெட்டித் தாறன். விரதகாலத்திலை வேட்டைக்கு வெளிக்கிட்ட முதல் ஆள் நீங்கள்தான்."

நான் சுடப்போகவில்லை, துணைக்குத்தான் போகிறேன் என்றேன். பாவத்துக்கும் துணை வேணும்தானே அண்ணை என்று சொல்லிக்கொண்டே எள்ளை நிறுத்தான்.

புறப்படுவதற்கு முதல்நாள் பத்ரோன் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார். தேத்தண்ணீர் கொடுத்தோம், குடித்தார். பிறகு பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, இதற்குள் கல்லா இருக்கிறது என்றார். பத்துக் கிலோ, சரியாக நிறுத்திருக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பிறகு நிலத்தில் சம்மணமிட முயன்று, முடியாமல் காலை நீட்டி இருந்துகொண்டு, பையை அப்படியே கவிழ்த்துக் கொட்டினார்.

என் மனைவி குசினி வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டா.

இரண்டு குவியல் உண்டானது. அரிசி அந்தப் பக்கம். சட்டி அந்தப் பக்கம். சாரம், இரண்டாவது கம்பளி, துவாய், சுடுதண்ணீர்ப் போத்தல் எல்லாம் அந்தப் பக்கம். இருவருக்கும் ஒரே ஒரு கரண்டி போதும் என்றார். வேறொருவர் வாயில் வைத்த கரண்டியை நான் எப்படி என்று தொடங்கினேன், அவர் கேட்கவில்லை. குசினிக்குள் போய் பாண் வெட்டும் கத்தியைக் கேட்டு வாங்கி, என் பற்தூரிகையின் பிடியை அரைவாசியில் அறுத்து எறிந்தார். இவருக்கு நெஞ்சில் மட்டும்தானா வருத்தம் என்று மனைவி தமிழில் முணுமுணுத்தா.

எள்ளுருண்டையில் ஒன்றை எடுத்துக் கடித்தார். மென்றார். கையில் வைத்து நிறை பார்த்தார். இன்னொன்றைத் தின்றார். பிறகு முழுவதையும் இந்தப் பக்கம் வைத்தார். அதில் மட்டும் மனைவியின் முகம் கொஞ்சம் வெளித்தது.

கடைசியில் முருகன் படம். அதைத் தொடமுதல் என்னைப் பார்த்து, "கண்ணாடியும் கடவுளோ?" என்று கேட்டார். நையாண்டியாக அல்ல, உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டார். இல்லை என்றேன். பின்பக்க ஆணிகளை நானே நெம்பி, படத்தை மட்டும் உருவி எடுத்தேன். சட்டம் இல்லாத சாமியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். திருநீற்றுப் பொட்டலத்தோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மிஞ்சிய பை நாலு கிலோவும் சொச்சமும். அவருடையதும் அப்படித்தான், வேட்டைத் துவக்கு மட்டும் தனி. இரவில் என் மனம் ஆறியது. இவ்வளவு இலேசான பையைச் சுமப்பதால் மனிதருக்கு ஒன்றும் ஆகாது, மதாமுக்குக் கொடுத்த வாக்குத் தானாகவே நிறைவேறிவிட்டது என்று நம்பி நித்திரை கொண்டேன்.

மலையைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. பார்த்ததும் பயந்தேன், அவ்வளவுதான். மெதுவாக ஏறினோம். அடிக்கடி நின்றோம். நிற்கும்போதெல்லாம் எள்ளுருண்டை தின்றோம். கூடாரம்கூட இல்லை, ஒரு படங்கைக் கயிற்றில் கட்டி, அதன் கீழ் இருவரும் படுத்தோம். என் முதலாளியின் குறட்டையை ஒரு சாண் தூரத்திலிருந்து கேட்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. குறட்டை நின்றபோதெல்லாம் கையை நீட்டி மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

சனிக்கிழமை காலை அவர் என் தோளை அழுத்தினார். எதிர்ச்சரிவில் பாறையின்மேல் ஒரு ஆடு நின்றது. கறுத்த முதுகு, பின்னுக்கு வளைந்த சின்னக் கொம்பு. அழகான பிராணி. அது எங்களைப் பார்க்கவில்லை.

வெடிச்சத்தம் கேட்டதும் நான் நிலத்தில் கிடந்தேன். யாரும் தள்ளவில்லை. முகம் மண்ணில் புதைந்திருந்தது, இரு கையும் தலைக்கு மேலே. நான் படுக்கவேண்டும் என்று நினைக்கவேயில்லை, உடம்பு தானாகப் படுத்துவிட்டது. இத்தனை வருடம் பாரிசில் கழித்த பிறகும் அது மறக்கவில்லை. பத்ரோன் நான் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்துத் தூக்க ஓடிவந்தார். கிட்ட வந்து என் கைகள் இருந்த விதத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். துவக்கைத் தூர வைத்துவிட்டு வந்து, நான் எழும்பும்வரை பக்கத்தில் இருந்தார்.

ஆட்டுக்குக் கிட்டப் போனோம். அவர் அதை அசைக்கமுதல், அனுமதியின் அடையாளமான பிளாஸ்ரிக் வளையத்தை அதன் காலில் பூட்டினார். குழந்தைக்குக் காப்புப் போடுவதுபோல இருந்தது. பிறகு வயிற்றைக் கிழித்தார். இறைச்சி வெட்டுவது என் தொழில். ஆனால் என் குசினிக்கு வரும் இறைச்சி குளிர்ந்திருக்கும். இதிலிருந்து ஆவி பறந்தது. நான் திருநீற்றை எடுத்து நெற்றியில் பூசிவிட்டு, கொஞ்சம் அதன் நெற்றியிலும் வைத்தேன். அவர் கத்தியை நிறுத்திப் பார்த்தார்.

இதை எடுத்துப்போக வாகனம் எந்தப் பக்கத்தால் வரும் என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "என்ன வாகனம்? இதுக்குத்தானே பையளை வெறுமையாக்கினது."

அந்தக் கரண்டி, அந்தப் பற்தூரிகை, முருகனின் கண்ணாடி எல்லாம் எங்களுடைய சுகத்துக்காகக் கழித்தவை என்று நான் நினைத்திருந்தேன். இந்த ஆட்டுக்கு இடம் விடத்தான் இவ்வளவும். அவர் அதற்குள் உடலை இரண்டாக வெட்டிவிட்டார். ஒரு பாதியைத் தன் பைக்குள் திணித்து, ஒரு முழங்காலை ஊன்றி, தோளில் மாட்டி எழும்பப் பார்த்தார். முகம் சாம்பலானது.

"வையுங்கோ" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை.

"கீழை வையுங்கோ. மதாம் சொன்னவ. எனக்கு எல்லாம் தெரியும்."

அவர் அப்படியே இருந்துவிட்டார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். வேலை போனாலும் போகட்டும் என்று நின்றேன். அவர் தோள்வாரைக் கழற்றவுமில்லை, எழும்பவுமில்லை. அப்படியென்றால் பாதியை இங்கேயே விட்டுவிடுவோம், நரி தின்னட்டும் என்றார்.

அதைக் கேட்டதும் ஆட்டைக் கொன்றபோது இருந்ததைவிட அதிகமாக எனக்கு நெஞ்சு பதறியது.

"உயிரை எடுத்துப்போட்டு எறியிறதோ? பாவம் பத்ரோன். ரெண்டையும் நான் கொண்டு வாறன்."

"உனக்கு இது ஆகாத மாதம் எண்டு உன்ரை மனிசி சொன்னவ."

"தின்னத்தான் ஆகாது. சுமக்கலாம்."

அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று எனக்கு இன்றும் தெரியாது. எந்த ஐயரிடமும் கேட்கவுமில்லை.

என் பையிலிருந்த கம்பளி, படங்கு, வெறும் போத்தல் எல்லாவற்றையும் அவருடைய பைக்கு மாற்றினேன். பஞ்சு மூட்டைபோல ஆனது. வெடி கழற்றிய துவக்கை அவர் எடுத்துக்கொண்டார். ஆடு முழுவதும் என் முதுகில் ஏறியது. இருபது கிலோ அரிசி மூட்டை தூக்கிப் பழகிய முதுகுதான், ஆனால் அரிசி சுடாது. பைச் சீலையைத் தாண்டி அந்தச் சூடு என் முதுகில் படிந்தது. காய்ச்சல்காரப் பிள்ளை ஒன்றைச் சுமப்பதுபோல இருந்தது. புரட்டாதிச் சனியன்று, கோயிலில் எள்ளெண்ணெய் எரிக்கவேண்டிய நேரத்தில், நான் இரத்தத்தைச் சுமந்துகொண்டு இறங்கினேன். மன்னித்துக்கொள் என்று ஆட்டிடமும் சொன்னேன், முருகனிடமும் சொன்னேன்.

அவரை முன்னுக்கு விட்டேன். என் மூச்சை நான் கவனிக்கவில்லை, அவருடைய மூச்சைத்தான் கேட்டுக்கொண்டு நடந்தேன். ஓரிடத்தில் சட்டென்று நின்றார். வலது கை நெஞ்சுக்குப் போனது. என்னையறியாமல் முருகா என்று கத்திவிட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "என்ன, செத்துப் போனன் எண்டு நினைச்சியோ?" என்றார். நான் பாரத்தோடு ஒரு கல்லில் சாய்ந்து நின்றேன். அதன்பிறகு அவர் முன்னைவிட மெதுவாக நடந்தார்.

மதாம் பாரிசிலிருந்து ரயிலில் வந்து, மலையடியில் அவர்களுடைய ஊர்வீட்டு வாசலில் நின்றார். எங்களைத் தூரத்தில் கண்டும் ஓடிவரவில்லை. கிட்டப் போனதும் கணவரைக் கட்டிப்பிடிக்கவும் இல்லை, முகத்தைப் பார்க்கவும் இல்லை. பின்பக்கம் போய் அவருடைய பையின் கீழே ஒற்றை விரலைக் கொடுத்து மெல்லத் தூக்கிப் பார்த்தார். அது காற்றுப்போல எழும்பியது. இந்த மனிதர் ஒருவருக்குப் பணிந்து வெறும் பையோடு இறங்கி வருவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். பிறகு வாசற்படியிலேயே இருந்து அழத் தொடங்கினார்.

பத்ரோன் துவக்கைச் சுவரில் சாத்திவைத்தார். என்னைக் காட்டி மனைவியிடம் சொன்னார்:

"இவன் உன்னைவிட மோசம்."

பிறகு என் பின்னால் வந்து, நான் நிலத்தில் குந்தித் தோள்வாரைக் கழற்றும்வரை, கைகளை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டு, ஒன்றையும் தொடாமல் நின்றார்.