வாழைப்பழம் தின்ற துரை

ரத்தம் குடிப்பதை நிறுத்திவிட்ட ஒரு பேயைக் கண்டித்து எங்கள் ஊர் வாசகசாலையில் தீர்மானம் நிறைவேற்றியபோது எனக்கு ஒன்பது வயது. அதில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பிற்பாடு பட்டாளத்தில் எழுத்தராகச் சேர்ந்து, பட்டாளத்து வழக்கப்படி நாற்பது தாண்டியதும் ஓய்வூதியக்காரனாக ஊர் திரும்பியவன் நான். மைனர் போட்ட கையெழுத்து செல்லாது என்ற விதி எனக்கு மனப்பாடம். ஆனால் என் வாழ்நாளில் உடனடியாகப் பலன் தந்த ஒரே கையெழுத்து அதுதான்.

பாறசாலைக்கும் பனச்சமூட்டுக்கும் நடுவில், கேரள எல்லைக்குள் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் வளைகுடாவில் இருந்ததால் நான் தாய்மாமா வீட்டில் வளர்ந்தேன். மாமா அரசுப் பேருந்தில் கண்டக்டர். வாசகசாலையின் செயலாளரும் அவரே. மாமி சர்ச்சில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதக்கதை சொல்பவள். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் ரப்பர் மரங்களும், ரப்பர் ஷீட்டுகளைக் கொடியில் தொங்கவிட்டு உலர்த்தும் ஒரு புகைப்புரையும் உண்டு.

பனச்சமூடு சந்திப்பில் உள்ள கடைக்குத் தமிழ்நாட்டிலிருந்து சிறிய நாவல்கள் வரும். அவற்றில் ஒரு வரிசையை எல்லோரும் 'துரை புஸ்தகம்' என்றார்கள். செத்துப்போன ஒரு வெள்ளைக்கார எஸ்டேட் முதலாளி கல்லறையிலிருந்து எழுந்துவந்து ரத்தம் குடிப்பதுதான் கதை. எழுதியவரின் பெயருக்கு முன்னால் மூன்று இனிஷியல்கள் இருந்ததால் அவர் பெரிய படிப்பாளி என்று மாமா தீர்மானித்திருந்தார். புத்தகம் வந்த அன்றே வாங்கி, வண்டி நிற்கும் இடைவேளையில் வாசித்து, திரும்பும் டிரிப்பில் பயணிகளுக்குக் கதை சொல்லுவார். கழுத்தில் பல் பதியும் கட்டத்தில் தங்கள் நிறுத்தத்தை விட்டுவிட்டு அடுத்த ஊரில் இறங்கி நடந்தவர்கள் பலர். அதற்குக் கூடுதல் டிக்கெட் வாங்க வேண்டும் என்ற விதியை மாமா அப்போது மட்டும் மறந்துவிடுவார்.

நானும் ஒளித்து வைத்து வாசித்தேன். முதல் புத்தகம் சாதாரணப் பயம். இரண்டாவதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

அதற்குச் சில மாதங்கள் முன்பு ஒரு காலையில் மாமி ரப்பர் பாலை வடிகட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் ரத்தத்துக்குச் சோர என்று பெயர். நான் கேட்டேன்: "மாமி, நாம டெய்லி மரத்த வெட்டி அதுக்க சோரய எடுக்கிதோம் இல்லியா? ஒரு நாளு மரம் வந்து திருப்பிக் கேட்டா?"

மாமியின் கை நின்றுவிட்டது. "இன்னும் பறயிலே மக்கா," என்றாள். "கேட்டா எங்க வந்து கேக்கும்?"

"புகைப்புரையில. அங்க தொங்குதது ஷீட்டு இல்ல. ஆளுகளுக்க தோலு."

மாமி அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு எனக்கு ஒரு கிளாஸ் காப்பி கூடுதலாகக் கிடைத்தது.

இரண்டாவது புத்தகத்தில் துரை புகைப்புரைக்குள் வந்தார். கொடியில் தோல்கள் தொங்கின. மரங்களின் சார்பில் வந்திருப்பதாகச் சொல்லிக் கணக்குக் கேட்டார். வார்த்தைக்கு வார்த்தை நான் சொன்னது. நான் சொன்னபோது அங்கே இருந்தது மாமி மட்டும்தான். எனவே ஒன்பது வயது அறிவு ஒரே ஒரு முடிவுக்குத்தான் வர முடிந்தது: துரை எங்கள் சுவருக்கு அப்பால் நின்று ஒட்டுக்கேட்கிறார்.

அதன் பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தரையில் படக்கூடாது. பள்ளிக்கூடத்தில் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தேன். வீட்டில் எல்லாவற்றையும் ரகசியக் குரலில் பேசினேன். புகைப்புரைப் பக்கம் போகச் சொன்னால் வயிறு வலித்தது. மூன்றாவது புத்தகம் வந்ததும் காய்ச்சல் கண்டது. அதற்காக வாசிப்பதை நிறுத்தினேனா என்றால் இல்லை. அடுத்த புத்தகம் எப்போது வரும் என்று காய்ச்சலிலும் கேட்டுக்கொண்டிருந்தேனாம். போதகர் வந்து ஜெபம் செய்தார். பக்கத்து வீட்டு அக்கா அம்மன் கோயிலில் கறுப்புக் கயிறு மந்திரித்துக் கொண்டுவந்து கட்டினாள். ஒரே குறைக்கு இரண்டு துறைகளில் மனுக் கொடுப்பது முறையல்ல. ஆனால் இரண்டு துறையும் ஆட்சேபிக்கவில்லை.

நான்காவது புத்தகத்தில் துரை மனம் திருந்தினார். ஐந்தாவதில் ரத்தத்துக்குப் பதிலாகச் செவ்வாழைப்பழம் தின்றார். எஸ்டேட் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். எனக்குக் காய்ச்சல் விட்டது. நன்றாகத் தூங்கினேன். கூடவே பெரிய சலிப்பும் வந்தது. சுவருக்கு அப்பால் யாரும் இல்லை என்றால் நான் யாருக்காகக் குரலைத் தாழ்த்திப் பேசுவது?

என் சலிப்பு எனக்குள் இருந்தது. மாமாவின் சலிப்பு பேருந்து முழுவதும் பரவியது.

"எடேய், சோர குடிக்காத பேயி பேயாடே?" என்று ரப்பர் வெட்டுக்காரர் ஒருவர் டிக்கெட் எடுக்காமல் கேட்டார். "பழந்தான் திங்கணும்னா அவன் எதுக்குக் கல்லறையில இருந்து எழும்பினான்? எனக்க கடையில வந்தா நானே குடுப்பேனே," என்றார் பின்சீட்டுப் பழக்கடைக்காரர்.

எங்கள் ஊரில் நாலு பேருக்கு ஒரு மனக்குறை வந்தால் அன்றே கமிட்டி உண்டாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் கூட்டம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தலைமை. அத்தியாயத்துக்கு ஒருமுறையாவது ரத்தம் குடிக்க வேண்டும் என்று வெட்டுக்காரர் திருத்தம் கொண்டுவந்தார். புத்தகத்துக்கு மூன்று முறை போதும் என்றார் தலைவர், சுகாதாரத்தைக் காரணம் காட்டி. கோரம், அதாவது வந்தவர்களின் எண்ணிக்கை, குறிக்கப்படவில்லை; முன்மொழிந்த மாமாவே வழிமொழியவும் செய்தார். இன்றைக்கு என் மேசைக்கு அந்தத் தீர்மானம் வந்தால் வந்த வழியே திருப்பியிருப்பேன்.

பெரிய சிக்கல் பிறகுதான் தெரிந்தது. தீர்மானம் மலையாளத்தில் இருந்தது. பேருந்தில் கதை கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேரைப் போல மாமாவும் மலையாளப் பள்ளியில் படித்தவர். தமிழை வாசிப்பார், எழுத வராது. கண்டிக்கப்பட வேண்டியவரோ தமிழ் எழுத்தாளர். எல்லைக்கு அப்பால் தமிழ்ப் பள்ளியில் படித்து, அழகாகத் தமிழ் எழுதத் தெரிந்தவள் எங்கள் வீட்டில் மாமி ஒருத்திதான்.

சாப்பாட்டு மேசையில் மாமா சொல்லச் சொல்ல மாமி எழுதினாள். நான் எதிரில், இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தேன்.

"துரை பழம் தின்னுதத இந்தக் கூட்டம் கண்டிக்குது. எழுதியா?"

"வன்மையாட்டுக் கண்டிக்கணுமா, மிக வன்மையாட்டா?"

"மிக வன்மையாட்டு. அந்த ஆளுக்கு உறைக்கணும்."

"உறைக்கும்," என்றாள் மாமி, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "நல்லா உறைக்கும்."

கொஞ்சம் எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினாள். "இன்னொரு குத்தம் உண்டு. முதல் புஸ்தகத்துல துரைக்கு இடது காலு நொண்டி. அஞ்சாவதுல ரெண்டு காலும் ஊனி ஓடுதாரு. அதயும் சேக்கவா?"

மாமா மேசையில் அடித்தார். "எடீ, இத நாங்க ஒருத்தரும் பாக்கல்லியே! சேரு, சேரு. அந்த ஆளு புத்தி கெட்ட வெறும் மண்டனாக்கும்!"

"ஓ," என்றாள் மாமி. "மண்டன் தான்."

எல்லோருடைய கையெழுத்தும் வாங்குவதற்கு இடம் விட்டு எழுதி முடித்தபோது நானும் போடுவேன் என்று குதித்தேன். மாமி தாளை என் பக்கம் நகர்த்தினாள். பேனாவை மட்டும் கொடுக்கவில்லை.

"துரை பழையபடி வந்தா நீ ஒறங்குவியாலே மக்கா?"

"ஒறங்குவேன்."

"காய்ச்சல் வராதா?"

"எனக்குப் பேடியும் பயமும் ஒண்ணும் கெடையாது," என்றேன். ஆனால் கால் இன்னும் தரையில் படவில்லை.

"ஆம்பளப் பிள்ள இல்லியா, பேனாயக் குடு," என்றார் மாமா.

தலைவருக்கென்று விட்டிருந்த இடத்தில் பெரிதாக என் பெயரை எழுதினேன். மை உலர்ந்த பிறகும் மாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறாவது புத்தகத்தின் முதல் பக்கத்தில் துரை வாழைப்பழத்தோலை வீசி எறிந்துவிட்டு, நொண்டிக்கொண்டே போய் எஸ்டேட் சூப்பர்வைசரின் கழுத்தைக் கடித்தார். மாமா வண்டியில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். "போராட்டம் ஜெயிச்சு!" என்று வெட்டுக்காரர் கூவினார். ஒரே ஒரு வரிதான் மாமாவுக்குப் பிடிக்கவில்லை. துரை எந்த வீட்டுக்குள்ளும் நுழைவாராம். ஆனால் தாய்மாமன் வீட்டில் வளரும் பிள்ளை இருந்தால் அந்த வீட்டுப் படியை மிதிக்கமாட்டாராம். அவரும் அப்படி வளர்ந்தவராம்.

"வெள்ளக்காரனுக்கு ஏதுலே தாய்மாமன்?" என்று மாமா என்னிடம் பொருமினார். "தேவையில்லாத ஒரு வரி."

பல வருடம் கழித்து விடுமுறையில் வந்தபோது துரை புஸ்தகங்களைப் பற்றி மாமியிடம் கேட்டேன். அவள் அடுக்களை வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். "மெதுவா பறயிலே. ஒனக்க மாமா கேட்டா மறுபடியும் கூட்டம் போடுவாரு." எழுதியதெல்லாம் நாகர்கோவிலில் இருந்த அவள் அக்காள் வழியாகப் போனதாம். நடுவில் துரை ஏன் கெட்டுப்போனார் என்று கேட்டேன். "நீ காய்ச்சல்ல கெடந்து பெனாத்தினே. பின்ன நான் எப்படி எழுதுவேன்?" என்றாள்.

ஓர் உத்தரவில் விதிவிலக்கு வந்தால், அதனால் பயனடைவது யார் என்றுதான் எழுத்தர் முதலில் பார்ப்பார். ஒரே ஒருவனுக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி இருந்தால், அவன் எழுதியவருக்கு மிகவும் வேண்டியவன் என்று பொருள். அந்த வித்தை எனக்குப் பட்டாளத்தில்தான் வந்தது. ஆறாவது புத்தகம் வந்த அன்றைக்கு அந்த வரியை இரண்டு முறை வாசித்தேன், அவ்வளவுதான். சுவருக்கு அப்பால் மாமி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. நான் துரைக்கு நன்றி சொல்லிவிட்டுத் தூங்கினேன்.