அலுமாரிக்குள் வயலின்கள்

அவ்வளவு சின்ன வயலினை நான் முதன்முதலில் பார்த்தது யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில், நான் சங்கீதம் படிப்பிக்கும் பாடசாலை மண்டபத்தில்தான். கனடாவிலிருந்து வந்த இளம்பெண் பெட்டியைத் திறந்து அதைத் தூக்கிக் காட்டியபோது, விளையாட்டுச் சாமானாக்கும் என்று நினைத்தேன். இல்லையாம். எட்டு ஒன்பது வயதுக் கைக்கென்றே செய்த உண்மையான வயலினாம். அங்கே தன்னிடம் படித்த பிள்ளைகள் வளர்ந்து பெரிய வயலினுக்கு மாறியதும், அவர்கள் விட்ட சின்னதுகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். தாயின் ஊர் இது; அவள் பிறந்து வளர்ந்தது கனடா. எங்கள் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் வயலின் படிப்பிக்கவென்று ஒரு தவணை, மூன்று மாதம் முழுவதும் வந்து நின்றாள். பாடசாலையில் எல்லோருக்கும் அவள் கனடாப் பிள்ளை. என்னை அன்ரி என்பாள். தமிழ் தடுமாறும், அதற்காக வெட்கப்படமாட்டாள்.

அவள் பிள்ளைகளை நிற்கவைத்து, தோளில் வயலினை வைத்து வாசிக்கப் பழக்கினாள். சப்பாணி கட்டியிருந்து வாசிப்பதையே பார்த்து வளர்ந்த எனக்கு அது ஒட்டவில்லை. கொஞ்சம் பொறாமையும்தான், மறைப்பானேன். புகையிலைத் தோட்டக்காரர் ஒருவரின் மகள், நாலாம் வகுப்புக்காரி, என் வகுப்பில் வாயே திறக்காதவள், கனடாப் பிள்ளையிடம் வில்லைப் பிடித்தால் கீழே வைக்கமாட்டாள். பாடசாலை விட்டபிறகும் தகப்பன் சைக்கிளோடு வாசலில் காத்து நிற்க, இன்னும் ஒருக்கா, இன்னும் ஒருக்கா என்று வாசித்துக்கொண்டிருப்பாள்.

போகும் நாளில் கனடாப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்ரி, ஒவ்வொரு நாளும் எடுத்து வாசிக்க விடுங்கோ. உடைஞ்சாலும் பரவாயில்லை" என்றாள்.

"ஓம் பிள்ளை, நீர் யோசியாதையும்" என்றேன்.

அடுத்த கிழமையே அதிபர் தன் அறைக்கு ஒரு கண்ணாடி அலுமாரி எடுப்பித்தார். "கனடாச் சாமான். பிள்ளையளின்ரை கையிலை குடுத்தால் ஒரு மாசம் தாங்குமோ? வாற ஆக்களுக்கும் காட்ட வேணுமெல்லே" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் வீட்டிலும் நல்ல கோப்பைகள் விருந்தாட்களுக்கென்று ஷோகேசுக்குள் இருக்கின்றன. அதில் நாங்கள் ஒருநாளும் தேத்தண்ணி குடித்ததில்லை. கல்விக் கந்தோரிலிருந்து யாராவது வந்தால் வயலின்களை எடுத்துப் பிள்ளைகளின் கையில் கொடுத்துப் படம் எடுப்போம். பிறகு துடைத்து உள்ளே வைத்துப் பூட்டிவிடுவோம். திறப்பு என் கைப்பையில் கிடந்தது.

"ரீச்சர், இண்டைக்கு அலுமாரி திறப்பீங்களோ?" என்று அந்தத் தோட்டக்காரரின் மகள் வந்து கேட்பாள்.

"நாளைக்குப் பாப்பம்" என்பேன். தமிழ்த்தினப் போட்டி வந்தது, மாரி வந்தது, சோதனை வந்தது. ஒரு கட்டத்தில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. இதை எழுதவே கூசுகிறது.

கனடாப் பிள்ளை அவ்வப்போது வாட்ஸ்அப்பில் விசாரிப்பாள். நானும் வயலின்களை மினுக்கிப் படம் எடுத்து அனுப்புவேன். இரண்டு வருடம் கழித்து, திரும்பவும் வருவதாகவும் என்ன கொண்டுவர வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். "எல்லாம் புதுசு மாதிரியே இருக்கு. ஒண்டும் வேண்டாம், நீர் வந்தால் காணும்" என்று பெருமையோடு பதில் போட்டேன்.

வந்தாள். அலுமாரியை நானே திறந்துவிட்டேன். ஒரு வயலினை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாடி படும் இடத்தில் ஒரு கீறல் இல்லை, வில்லில் பூசும் குங்கிலியத் தூள் ஒரு பொட்டு இல்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. "வடிவா வைச்சிருக்கிறீங்கள், அன்ரி" என்றாள், மெல்ல. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு அந்தத் தோட்டக்காரரின் மகளைக் கூப்பிட்டாள். அவள் இப்போது என் காதளவு உயரம். வயலினைத் தோளில் வைத்தாள். முழங்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. விரல்கள் தந்தியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் கொஞ்ச நேரம் முயன்றுவிட்டு, வயலினைப் பெட்டிக்குள் கிடத்தி, பக்குவமாக மூடினாள்.

"அக்கா, என்ரை கைக்கு அளவான ஒண்டு இந்த முறை கொண்டு வந்தனீங்களோ?"

கனடாப் பிள்ளை என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு அவள் பக்கம் குனிந்து, "இல்லையம்மா, நான் மறந்து போனன்" என்றாள்.

அவள் மறக்கவில்லை, நான்தான் வேண்டாம் என்றேன் என்று சொல்ல, அந்த நேரத்திலும் எனக்கு வாய் வரவில்லை.